ஓடாத பெட்டியின் சூடு

ஓடாத பெட்டி சூடாக இருந்தது.

முதலில் அதுதான் அவனுக்கு இடித்தது. "மழைக்காலம் ஆரம்பிக்கும்போதே நின்னுபோச்சு தம்பி, அதுக்கப்புறம் மூச்சே விடலை" என்று அந்த வீட்டம்மா வாசலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் மேசைக்கு அடியில் கையை விட்டு சி.பி.யு. பெட்டியை முன்னால் இழுத்தபோது, அதன் தகரம் உள்ளங்கையில் இதமாகச் சுட்டது. வெயில் பட்ட சூடு என்று சொல்ல வழியில்லை. மத்தியானத்திலிருந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தது, தரை ஈரத்தில் சில்லிட்டுக் கிடந்தது. தூங்கி எழுந்த பிள்ளையின் முதுகைத் தொட்டால் ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூடு.

இது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைத்தெருவில் அவனுக்கு டவுட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில், வாடிக்கையாளர் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பார்கள். டவுட்டு அந்தப் பாதியையும் நம்பமாட்டான். டீயைக் கொட்டி, கவிழ்த்து, துடைத்து, காயவைத்துவிட்டு, 'தானா நின்னுபோச்சுங்க' என்று பச்சைப்பிள்ளை முகத்தோடு சொல்வார்கள். 'நாங்க தொடவே இல்லை' என்பார்கள். பின்பக்கத்து ஸ்குரூவெல்லாம் சமையல் கத்தியால் திருகித் தலை மழுங்கிக் கிடக்கும். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்று பழமொழி. டவுட்டு பார்த்தவரையில் அந்த வாய்களுக்குத்தான் மூன்று வேளையும் கிடைத்துக்கொண்டிருந்தது.

வீட்டிலும் அவன் அப்படித்தான். போனில் ஏமாந்தவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு, மனைவிக்கும் மகளுக்கும் ஒரு சட்டமே போட்டிருந்தான். "எவன் போன் பண்ணி நான்தான் பேசறேன்னு சொன்னாலும் நம்பாதீங்க. என் நம்பரா இருந்தாலும் நம்பாதீங்க. என் குரலா இருந்தாலும் நம்பாதீங்க. இப்பல்லாம் குரலையே செஞ்சுடறானுங்க. நேர்ல மூஞ்சியப் பாத்தாத்தான் நான்." மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். வாலு என்று வீடே கூப்பிடுகிற மகள், அப்பா போன் எடுக்கிற அழகை நடித்துக் காட்டுவாள். கையைக் காதில் ஒட்டிக்கொண்டு மூக்கால் பேசுவாள்: "சொல்லுங்க, எது ஓடலை?" யார் கூப்பிட்டாலும், சொந்த மாமியாரே கூப்பிட்டாலும், அவன் அப்படித்தான் எடுப்பான்.

மழை நாளில் வாலுவுக்கு அவன் கை வேண்டும். தன் குட்டிக் கைகளை அவன் உள்ளங்கைக்குள் திணித்து, "அப்பா கை அடுப்பு" என்பாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று இன்றைக்கு அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். சொன்னால் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த நினைப்பில் அவன் பையை அவசரமாகத் திறந்தான்.

"அந்த நாற்காலில உட்கார்ந்து பாருங்களேன் தம்பி," என்றார் வீட்டம்மா.

"வேணாம்மா. கீழயே வசதி."

ஓடாத மெஷின் முன்னால் அவன் நாற்காலியில் உட்காரமாட்டான். அது அவன் தொழில் பழக்கம். முட்டி போட்டு வேலை பார்த்து, ஓடவைத்து, அதன் பிறகு ஒரு தடவை உட்கார்ந்து சோதித்துவிட்டு எழுந்து பையை மூடுவான். முதலிலேயே உட்கார்ந்தால் வேலை நீண்டுகொண்டே போகும் என்று ஒரு நினைப்பு. இந்த நாற்காலியைப் பார்த்தால் உட்காரவும் தோன்றவில்லை. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனமாதிரி.

அறை சுத்தமான அறைதான். சுவரோரம் ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூலையில் இன்னொரு நாற்காலி. அதில் ஒரு பெரியவர் கட்டம் போட்ட சட்டையோடு, முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். டவுட்டு உள்ளே வந்தபோது அவர் பார்க்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. "என் வீட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார்," என்றார் அம்மா. அவருக்குப் பக்கத்தில் உள்ளறைக் கதவு. சாத்தியிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. எங்கிருந்தோ சூடான தூசி வாடையும், நாள்பட்டும் காயாத துணியின் வாடையும் கலந்து வந்தன.

"இது யாரோடதும்மா?"

"பையனோடது. பொழுதன்னிக்கும் இதுலதான் உட்கார்ந்திருப்பான். இது நின்னதுலேர்ந்து அவனும் எதுக்கும் எழுந்திரிக்கறதில்லை. உள்ள படுத்திருக்கான்."

டவுட்டு வேலையைத் தொடங்கினான். சுவர் பிளக்கில் டெஸ்டரை வைத்தான்; விளக்கு எரிந்தது, கரண்ட் இருக்கிறது. வயரைக் கழற்றித் தன் பையிலிருந்த நல்ல வயரைப் போட்டான். பெட்டியின் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது. முன்பக்கத்துப் பட்டனை அமுக்கினான். ஒன்றும் இல்லை. விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஒரு சின்ன 'டிக்'கூட இல்லை. கல்.

பக்கத்துத் தகரத்தைக் கழற்றினான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கிற பெட்டிக்குள் தூசி பஞ்சு மாதிரி அடைந்திருக்கும். பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறான். இதற்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. யாரோ தினமும் ஈரத்துணியால் துடைக்கிறமாதிரி பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு பாகத்தின் மேலும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் வேறு. பழுது பார்க்கிறவர்கள் தாங்கள் போட்ட பாகத்தை யாரும் மாற்றிவிடாமல் இருக்கக் கையெழுத்துப் போட்டு ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கையெழுத்து.

"இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களாம்மா?"

"யாரும் பாக்கலையே."

பச்சைப்பிள்ளை முகம். டவுட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். வந்த மெக்கானிக்குகளை எல்லாம் ஏமாற்றி அனுப்பியிருக்கிறார்கள், பாகத்தை வாங்கிக்கொண்டு 'ஓடலை' என்று சாதித்திருக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான் என்று ஒரு கணக்குப் போட்டான். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசாயிற்று. ஏமாற்றுகிறவர்களைச் சமாளிக்க அவனுக்குத் தெரியும்.

பிறகு பெட்டியின் அடியில் விரலுக்கு ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தான். ஒரு ஸ்குரூ டிரைவர். கைப்பிடியில் பச்சை டேப் சுற்றி, பிடித்துப் பிடித்து டேப் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

எந்த மெக்கானிக்கும் இதை விட்டுவிட்டுப் போகமாட்டான். பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பான், கைக்குப் பழகிய டிரைவரை மறக்கமாட்டான். பாதி வழி போயிருந்தாலும் வண்டியைத் திருப்புவான். டவுட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூலையில் பெரியவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் அதைத் தரையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால், பெட்டிக்குள் மிச்சம் தேங்கியிருக்கிற கரண்ட் வடிந்துவிடும். சில மெஷின்கள் அதற்குப் பிறகு சமர்த்தாக ஓடும். பிடுங்கினான். அமுக்கிப் பிடித்தான். மழைச் சத்தம் ஒரே சீராக இருந்தது.

உள்ளறையில் யாரோ மூச்சை வெளியே விட்டார்கள்.

நீளமான மூச்சு. அவன் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது வெளியே வந்துகொண்டே இருந்தது, நடுவில் உள்ளே இழுக்கிற சத்தமே இல்லாமல். அவன் விரலை எடுத்தான். நின்றது.

"பையன் முழிச்சிட்டானா?" என்று கேட்டான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது அவனுக்கே தெரிந்தது.

"இன்னும் இல்லை தம்பி," என்றார் அம்மா. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் கைகளையே கவனித்துக்கொண்டிருந்தார். "நீங்க வேலையப் பாருங்க. இப்ப என்ன செய்யப்போறீங்க?"

யாராவது கேட்டால் டவுட்டு விளக்கம் சொல்வான். அது அவன் பலவீனம். கூட இருக்கிற கலக்கத்தை அமுக்கவும் பேச்சு உதவியாக இருந்தது.

"எது கெட்டிருக்குன்னு பாத்தா தெரியாதும்மா. மாத்திப் போட்டுப் பாக்கணும்." பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, பிளக்கை மறுபடி செருகி, ஒரு துண்டு வயரை வளைத்து இரண்டு ஓட்டைகளில் செருகினான். அதன் ஃபேன் விர்ரென்று சுற்றியது. "பாத்தீங்களா, இது நல்லாயிருக்கு." ரேம் என்கிற சின்னத் தகட்டைக் கழற்றி, தன் பையிலிருந்த சோதனை போர்டில் போட்டான், போர்டு உயிர் வந்து கீச்சிட்டது. அதிலிருந்த தன் ரேமை இந்தப் பெட்டியில் போட்டுப் பட்டனை அமுக்கினான். கல்.

"உங்களோடதை எதுக்கு இதுல போடறீங்க?"

"ரெண்டு பக்கமும் பாக்கணும்மா. சந்தேகமானதக் கழட்டி ஓடுற மெஷின்ல போடணும். ஓடுற மெஷின்ல இருக்கிற நல்லதை எடுத்து இங்க போடணும். ரெண்டும் செஞ்சாத்தான் முடிவு தெரியும்."

"ஓடுறதுலேர்ந்து ஒண்ண எடுத்துட்டா, அது நின்னுடாதா?"

"அதான் இங்க இருக்கிறதை அங்க போட்டுடறோமே. இடம் காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"போட்டப்புறம் ரெண்டும் ஓடினா?"

"ஓடினா அப்படியே விட்டுடலாம்." அவன் சிரித்தான். "ஓடுறதை நோண்டாதேங்கறதுதான் எங்க தொழில்ல முதல் பாடம்."

அம்மா அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டமாதிரி இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "உங்க வீட்ல எத்தனை பேரு தம்பி?"

"மூணு பேரு. நான், அவ, பொண்ணு."

"எல்லாரும் நல்லாயிருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"ஓடுற வீடு," என்றார் அம்மா.

அவனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் தேடியபோது, அலமாரிக்கு மேல் சட்டம் போட்ட படம் கண்ணில் பட்டது. அம்மா, அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள், நடுவில் கல்லூரி வயசுப் பையன். அந்த ஆள் போட்டிருந்தது அதே கட்டம் போட்ட சட்டை. ஆனால் ஆள் வேறு. தாடை வேறு, காது வேறு, உயரம் வேறு. மூலையில் இருப்பவருக்குச் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. ரெண்டாம் கல்யாணம் போலிருக்கிறது, நமக்கெதுக்கு ஊர் வம்பு என்று பார்வையை இறக்கினான்.

இறக்கிய பார்வை உள்ளறைக் கதவின் அடியில் போய் நின்றது. வெளிச்சக் கோட்டில் இப்போது இரண்டு கறுப்புத் துண்டுகள் இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நெருங்கி நிற்கிறார்கள். இரண்டு கால்கள்.

படுத்திருக்கிறான் என்றார்களே.

டவுட்டு வேகமாக வேலை செய்தான். ஸ்குரூ டிரைவர் முனையால் போர்டில் இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டுப் பார்த்தான். பட்டன் கெட்டிருந்தால் அப்படித் தொட்டாலே ஓடிவிடும். ஓடவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தன் போர்டில் பார்த்தான். எல்லாம் நல்லது. அத்தனையும் நல்லது. நல்ல பாகங்களை எல்லாம் திரும்பச் சேர்த்தால் ஒரு செத்த பெட்டி. அவன் தொழிலில் இது நடக்காது. நடக்கவே நடக்காது. பெட்டி மட்டும் முன்பைவிடச் சூடாகிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றான். "கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்மா. நாளைக்கு வரேன்." நாளைக்கு அவன் வரப்போவதில்லை. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, தன் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டான்.

"ஒண்ணு மட்டும் மாத்திப் பாக்கலையே," என்றார் அம்மா.

"எது?"

"உட்கார்றவன்."

டவுட்டுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்தான். நாற்காலி! வந்ததுமே உட்காரச் சொன்னது, மெத்தையின் பள்ளம், எல்லா பாகமும் நன்றாயிருந்தும் ஓடாத பெட்டி. நாற்காலிக்கு அடியில் ஏதோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால்தான் கரண்ட் போகிறமாதிரி அந்தப் பையன் விளையாட்டுக்கு வயர் இழுத்து வைத்திருப்பான். யாரிடம் காட்டுகிறார்கள் இந்த வேலையை! குனிந்து நாற்காலியின் அடியில் தடவினான். வயர் இல்லை. கால்களைத் தடவினான். இல்லை. அப்படியானால் மெத்தைக்குள் இருக்கும். அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தான்.

பள்ளம் அவனுக்குச் சரியாக இருந்தது.

பெட்டிக்குள் ஃபேன் சுற்றியது.

அவன் எந்தப் பட்டனையும் தொடவில்லை. முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது. மானிட்டர் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு, வெறும் வெள்ளையாக, ஒரு எழுத்தும் இல்லாமல் வெளிச்சமாயிற்று. அந்த வெளிச்சத்தில் அவன் பிளக்கைப் பார்த்தான். அது தரையில் கிடந்தது. கடைசியாகப் பிடுங்கியதை அவன் திரும்பச் செருகவே இல்லை.

"ஓடுது," என்றார் அம்மா. கண்களில் தண்ணீர் நின்றது. உண்மையான சந்தோஷம் அது. பொய் முகம் அவனுக்குத் தெரியும். "ஓடுதுடா கண்ணா."

இதுவரை தம்பி, வாங்க, போங்க. இப்போது டா.

அவன் எழுந்தான். எழுந்ததும் திரை அணைந்தது. அதே கணத்தில் அவன் கண்ணும் இருட்டிக்கொண்டு வந்தது. கால் இருக்கிற இடமே தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ சுற்றி நின்றுபோனது. நாற்காலியில் விழுந்தான். ஃபேன் சுற்றியது. மூச்சு வந்தது. மறுபடி எழுந்தான். மறுபடி இருட்டு. விழுந்தான். வந்தது.

"சும்மா சும்மா ஆஃப் பண்ணாதப்பா. கெட்டுப்போயிடும்," என்றார் அம்மா.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது? உள்ளே மஞ்சள் விளக்கு, ஒரு காலிக் கட்டில். விரிப்பில் ஆள் படுத்த இடம் நனைந்து கறுத்திருந்தது. அங்கிருந்து வாசல்வரை தரையில் ஈரக் கால்தடங்கள் போயின. வாசல் ஆணியில் அவன் மாட்டியிருந்த மழைக்கோட்டு இல்லை. ஹெல்மெட் இல்லை, அதற்குள் போட்டிருந்த வண்டிச் சாவியும் இல்லை.

வெளியே ஒரு வண்டி இருமியது.

அவனுடைய வண்டி. ஈரம் பட்டால் ஒரு தடவை இருமி, ஒரு தடவை தும்மி, அதன் பிறகுதான் கிளம்பும். அதன் நோவு தெரிந்து உதைக்க அவனால்தான் முடியும். மனைவிக்கே வராது. இப்போது இருமியது. தும்மியது. கிளம்பியது. சத்தம் தெருவோடு போய் மழைக்குள் தேய்ந்தது.

வண்டி திருட்டு. இதுக்குத்தானா இவ்வளவும்! ஒரு கணம் அவனுக்கு நிம்மதியே வந்தது. வண்டியைத் திருடத்தான் வரவழைத்திருக்கிறார்கள், டீயில் மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் கால் வரவில்லை. திருட்டென்றால் போலீஸ் இருக்கிறது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, இந்த வீட்டில் அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போன் பையில் இருந்தது. பை கை எட்டாத தூரத்தில் கிடந்தது.

அம்மா தட்டு கழுவச் சமையலறைக்குள் போனார். தண்ணீர் சத்தம் கேட்டது. கூடவே மெல்லிய முணுமுணுப்பாக ஒரு பாட்டு. டவுட்டு நாற்காலியை நகர்த்தப் பார்த்தான்; ஒரு விரல் அளவு நகர்ந்தாலே திரை மங்கியது. ஜன்னல் திரையின் ஓரத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் போய்விட்டது. இருட்டிவிட்டது. வாலு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

"ஐயா," என்று கூப்பிட்டான். "ஐயா, அந்தப் பையை மட்டும் தள்ளி விடுங்க."

பெரியவர் வெகுநேரம் சமையலறைப் பக்கமே காதைக் கொடுத்திருந்தார். உள்ளே தண்ணீர் சத்தம் நின்று மறுபடி வந்தது. பிறகு நாற்காலியை விட்டு எழாமலே ஒரு காலை மெதுவாக நீட்டி, பையின் வாரைக் கட்டைவிரலில் மாட்டித் தள்ளினார். அந்த அசைவில் சட்டைக் கை மேலே ஏறியது. முன்கை முழுக்கப் பழைய தீக்காயப் புள்ளிகள், ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற புள்ளிகள். டவுட்டின் கையிலும் அவை இருந்தன.

"அந்தப் பச்சை டேப் டிரைவர்," என்றார் பெரியவர். பேசிப் பல காலம் ஆன தொண்டை. "என்னோடது."

"ஐயா..."

"ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன். முடி கறுப்பா இருந்துது அப்ப." அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் வரும், பெண்டாட்டி வருவா, புள்ளைங்க வரும்னு பாத்தேன். ஒருத்தரும் தேடலை தம்பி. ஏன் தேடலைன்னுதான் இன்னிவரைக்கும் எனக்குப் புரியலை."

டவுட்டுக்குப் புரிந்தது. இங்க இருக்கிறதை அங்க. அங்க இருக்கிறதை இங்க. இடம் காலியா இருக்கக் கூடாது.

பைக்குள்ளிருந்து போனை எடுத்தான். மனைவியின் எண்ணை அமுக்கினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"கதவைத் திறக்காதே!" என்று கத்தினான். "நான் சொல்றதக் கேளு, என் வண்டில எவனோ வரான், என் கோட்டப் போட்டுட்டு வரான். கதவைப் பூட்டு. வாலுவை உள்ள கூப்பிடு. நான்தான் பேசறேன். நான்தாம்மா!"

அந்தப் பக்கம் மழை கேட்டது. அவன் வீட்டுத் தகரக் கூரையில் விழுகிற மழை. அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும்.

"யாருங்க நீங்க?" என்றாள் மனைவி. குரல் கெட்டியாக இருந்தது. "அவர் போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"ஐயோ, நான்தான்! என் குரல் தெரியலையா?"

"குரலெல்லாம் இப்ப யாரு வேணா செய்யலாம்னு அவர் சொல்லியிருக்காரு." போனைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பேசினாள். அவளுக்கே உரிய கிண்டல் அந்தக் குரலில் இருந்தது. "ஏங்க, போன எங்க தொலைச்சீங்க? எவனோ உங்கள மாதிரியே பேசறான். உங்களுக்கே டவுட்டு வந்துரும், கேக்கறீங்களா?"

"அவன் மூஞ்சியப் பாரு! மூஞ்சியப் பாரும்மா!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அவள். "எதிர்ல நிக்கறாரு."

தூரத்தில், போனை விட்டு விலகி, வாலுவின் குரல் கேட்டது. "அப்பா, உன் கை ஏன்ப்பா இப்படி ஜில்லுனு இருக்கு?"

இணைப்பு அறுந்தது.

அம்மா தட்டோடு வந்து நின்றார். இன்னொரு கையில் துவைத்து மடித்த சட்டை ஒன்று இருந்தது, படத்தில் அந்தப் பையன் போட்டிருந்த சட்டை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவன் தலைமுடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டார். அவர் விரல் சூடாக இருந்தது, பெட்டியின் சூடு. மூலையில் பெரியவர் மறுபடி முழங்கால் மேல் கை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார்.

டவுட்டு மறுபடியும் அமுக்கினான். மணி அடித்தது. எடு. எடும்மா. வாலு, நீயாவது எடு.

எடுத்தார்கள்.

மழை. கூரை. வாலு எதற்கோ சிரிக்கிற சத்தம். பிறகு, மூக்கால், நிதானமாக, அவனுடைய குரல்:

"சொல்லுங்க, எது ஓடலை?"